பத்தியக்காரர்

"டாக்டர், இவ பொழைச்சுக்குவாளா?"

கேட்டவரின் தோளில் அவர் மனைவி வாடிய கீரைக்கட்டாகச் சாய்ந்திருந்தாள். கண்ணைத் துடைக்க அவர் கையைத் தூக்கியபோது கைக்கடிகாரம் முழங்கை வரை சறுக்கிப் போனது. அதை இழுத்துவிட்டுக்கொண்டே, "அடிக்கடி தலைசுத்துதுன்னு படுத்துடுறா. முடி கொத்துக்கொத்தாக் கொட்டுதுங்கிறா. இவளை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று தேம்பினார்.

டாக்டரம்மா கீழிமையை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். ரத்தப் பரிசோதனை முடிவையும் புரட்டினார். ஒரு குறையும் பிடிபடவில்லை.

"வீட்டுல என்ன சாப்பிடுறீங்க?"

வந்தது வினை! மனிதருக்கு அழுகை நின்று முகம் மலர்ந்துவிட்டது. தெருவில் அவருக்குப் 'பத்தியக்காரர்' என்று பெயர். கொஞ்சம் அவசரமாகக் கூப்பிட்டால் வேறு மாதிரிக் கேட்கும். அதையும் அவர் பொருட்படுத்துவதில்லை.

"எல்லாம் சுத்தமான சாப்பாடுதான் டாக்டர். உப்பு, சர்க்கரை, எண்ணெய், பால் எதுவும் எங்க வாசப்படி தாண்டாது. சோறு போன வருஷமே நிறுத்தியாச்சு. காலையில வெள்ளரிக்கா, மத்தியானம் வேகவெச்ச பூசணி, ராத்திரி முளைகட்டின பயறு. பழத்துல மருந்து அடிக்கிறாங்கன்னு அதையும் விட்டாச்சு. கல்யாண வீட்டுக்குக்கூட எங்க டப்பாவோடதான் போவோம்."

"கேக்குற எனக்கே தலைசுத்துதே!" என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்ச நாள் போனா தண்ணியையும் விட்டுடுவீங்க போலிருக்கு. இன்னையிலேருந்து மூணு வேளையும் இவங்க வயிறு நிறையச் சாப்பிடணும். சோறு, முட்டை, வெண்ணெய், பழம், எல்லாம்."

"வெண்ணெயா?" பத்தியக்காரர் பதறிப் போனார். "ஐயையோ, அது உடம்புக்கு..."

"உங்களுக்குப் பத்தியம் வேணுமா, பொண்டாட்டி வேணுமா?"

அந்த நேரம் பார்த்து மனைவி ஈனசுரத்தில், "எனக்குத் தனியாச் சாப்பிட்டா தொண்டையில இறங்காதுங்க" என்றாள்.

பத்தியக்காரர் அவளைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார்.

"நானும் உன்கூட உக்காந்து சாப்பிடுறேன்மா. வெண்ணெயும் போட்டுக்கறேன். நீ எழுந்து நடமாடினாப் போதும்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை நேரம் அவரை வறுத்தெடுத்த டாக்டரம்மாவுக்கே பாவமாக இருந்தது. சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அவரைக் கீழே மருந்துக்கடைக்கு அனுப்பினார்.

கதவு சாத்தியதும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பெரிய பன்னை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

டாக்டரம்மா திகைத்தார். "ஏம்மா, உங்களுக்குத் தலைசுத்தல்னு சொன்னாரே?"

அவள் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"சுத்தி விழுறது அவருதான் டாக்டர், எனக்குன்னு சொன்னாத்தான் ஓடி வருவாரு."