புளிப்பு மாத்திரை

எஸ்தருக்குப் புற்றுநோய்க்காக ஆறு மாதமாக வாரந்தோறும் வீட்டிலேயே வைட்டமின் சி டிரிப்ஸ் ஏற்றி வந்தார்கள். யாருக்கு நரம்பு வழியாக, யாருக்கு வாய் வழியாக என்பதை இப்போதெல்லாம் மருத்துவமனைக் கணினிதான் முடிவு செய்கிறது. இன்று நர்ஸ் வரவில்லை. வாசலில் சப்பிச் சாப்பிடும் மாத்திரை டப்பா ஒன்று மட்டும் இருந்தது.

கணவன் சற்குணம் நர்ஸுக்குப் போன் செய்தான்.

"தேறுறவங்களுக்கு மட்டுந்தான் சார் டிரிப்ஸ். சிஸ்டம் உங்க வீட்டம்மா பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுச்சு."

"நீங்க சொல்லிப் பார்க்கக் கூடாதாம்மா?"

"மனுஷங்க சொன்னா அது கேக்காது சார்."

அவன் டப்பாவோடு உள்ளே போனான். ஊசி குத்திக் கன்றிப்போன கையைத் தடவியபடி எஸ்தர் கேட்டாள்.

"இனிமே ஊசி இல்லையாங்க?"

"இல்லையாம்."

"அப்ப எனக்குச் சரியாயிடுச்சு!"

மாத்திரையைச் சப்பிக்கொண்டே, கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள். சற்குணம் அவளுக்கு ஜன்னலோர இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்தான்.