பின்லாந்து சிரிக்கும்வரை

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பிரான்சின் உறுப்பினராக இருந்தபோது ஒடில் ஒரு வேடிக்கை சொன்னால், சிரிப்பு தவணை முறையில்தான் வரும். பிரெஞ்சுக்காரர்கள் உடனே சிரிப்பார்கள். மொழிபெயர்ப்பு காதுக்கருவியில் வந்துசேர்ந்த பின் ஜெர்மானியர்கள். எல்லோருக்கும் கடைசியாகப் பின்லாந்துக்காரர்கள். அதுவரை காத்து நிற்பது அவளுக்குப் பதினைந்து வருடப் பழக்கம்.

இன்று பாரிசில், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில், அமைச்சராக அவளுடைய முதல் பேச்சு. அவள் கொண்டுவந்த சட்ட மசோதா தோற்றால் பதவியும் போகும். எதிர்க்கட்சியினர் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். வேடிக்கையாக ஒரு வரி சொல்லிவிட்டு, காதுக்கருவி இல்லாத வெறும் காதில் கைவைத்தபடி அவள் நின்றாள். தட்டல் மெல்ல ஓய்ந்தது.

“என்ன மேடம், பேச்சு மறந்துபோச்சா?” என்று ஒருவர் கத்தினார்.

“கொஞ்சம் இருங்க. பின்லாந்து இன்னும் சிரிக்கலை.”

எதிர்வரிசையும் சேர்ந்து, மொத்த அவையும் ஒரே நொடியில் வெடித்துச் சிரித்தது.

அப்போதுதான் ஒடிலுக்குப் பேச்சு மறந்துபோனது.