கரடிகள் வாங்கிய மெத்தை

ரப்பர் மரக்காட்டில் ஒரு குரங்கு, மரப்பாலைக் காய்ச்சி மெத்தை செய்து விற்றுவந்தது. அதனிடம் மெத்தை வாங்க மையழகி என்ற கரடியும் அவள் கணவன் பூதனும் போனார்கள். பூதன் கனத்த உடம்புக்காரன். மெத்தை கெட்டியாக இல்லாவிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். பாறையிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட மையழகிக்கோ மிருதுவாக இருந்தால்தான் ஒருக்களித்துப் படுக்க முடியும்.

குரங்கு பூதனை மட்டும் பார்த்து, “அண்ணாச்சி, படுத்துப் பாருங்க” என்றது. கெட்டி மெத்தையில் படுத்த பூதன், “இதையே கட்டிக் கொடு” என்றான்.

“எனக்கு இடுப்பு வலிக்குமே” என்றாள் மையழகி.

“போகப்போகப் பழகிடும் அண்ணி” என்றது குரங்கு.

“கொஞ்சம் அனுசரிச்சுக்கயேன்” என்றான் பூதன்.

மையழகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிபட்ட நாளிலிருந்து அவள் அனுசரித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்திலிருந்த மிருதுவான மெத்தையைக் காட்டி, “அப்படின்னா இதை வாங்குவோம். நீங்க பழகிக்குங்க. முதல்ல படுங்க” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தான் பூதன். உடம்பு உள்ளே அமிழ்ந்தது. சற்று நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுந்தான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஒரு பாதி கெட்டியா, மறு பாதி மிருதுவா வச்சு ஒட்டித் தர முடியுமா?” என்று குரங்கிடம் மெல்லக் கேட்டான்.

“தாராளமா முடியும். ஆனா இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே” என்றது குரங்கு.

“நீ எந்த வீட்டுக்காரிகிட்டயாவது கேட்டிருக்கியா?” என்றாள் மையழகி.