கட்டிலின் குரல்

அரசு ஆஸ்பத்திரியில் இனி நோயாளிக்குத் துணை ஆள் தேவையில்லை, கட்டிலே பார்த்துக்கொள்ளும். சுடலைமுத்துவின் குரலை மட்டும் பதிவு செய்துகொண்டு, பாயும் ஃபிளாஸ்க்குமாக வந்தவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் எதிரே பஸ் ஸ்டாப்பிலேயே பாயை விரித்தார். உள்ளே அவர் மனைவி வடிவு, கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள்.

மறுநாள் வார்டு ஜன்னலோரம் நின்றவருக்குக் கட்டிலிலிருந்து தன் குரலே கேட்டது.

"வடிவு, இன்னும் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சுக்கோம்மா. நான் இங்கனதான் இருக்கேன்."

வடிவு சிரித்தாள். அவர் ஒருநாளும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

"உங்க குரல்னா மறுக்காம சாப்பிடுறாங்க. சீக்கிரம் தேறிடுவாங்க," என்றார் நர்ஸ்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று சுடலைமுத்து மாத்திரையும் தண்ணீரும் நீட்டினார். வடிவு வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கட்டோட கிடந்தப்ப எம்புட்டுப் பேசுனீங்க! இப்ப ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா என்ன?"

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார். மாத்திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

வடிவு கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.