உதடு மூட வேண்டிய இடம்

அறைக்குள் வந்ததும் மாமனார் முதல் வேலையாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார்.

"இதுக்கு ஒரு முடிவு தெரியாம இந்த ரூமை விட்டு வெளிய போக முடியாது மாப்ள. என் பொண்ணுகிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது, சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து செய்த தப்பையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். எதைக் கண்டுபிடித்திருப்பார் மனுஷர்?

மாமனார் டிவியைக் காட்டினார். "என் மூஞ்சி அரை செகண்டு லேட்டா வருது."

கரோக்கே மென்பொருள் அது. பாட்டு வரி ஒவ்வொரு எழுத்தாக வெளிச்சமாகும், மைக் பிடித்தவர் கூடவே பாடலாம். வேண்டுமென்றால் பின்னணியில் கேமரா வழியாக அவர் முகத்தையும் காட்டும். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம். ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் அதைக் கட்டி மேய்க்கும் நாலைந்து பேரில் மாப்பிள்ளையும் ஒருவன். ரிட்டயரானவருக்குப் பொழுது போகட்டுமே என்று அவனேதான் இதைப் போட்டுக் கொடுத்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"மாமா, விடிஞ்சா ஃப்ளைட். பெட்டி பாதிகூடக் கட்டலை."

"கட்டலாம், கட்டலாம்."

அவன் பயம் அவனுக்கு. வெளிநாட்டு வேலை மனைவிக்குத்தான். போன வருஷம் இதே வேலை கிடைத்தபோது, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரே வரியில் வேண்டாமென்று எழுதிப் போட்டவள் அவள். மறுபடி கூப்பிட்டதே பெரிய விஷயம். இந்தத் தடவையும் ஏதாவது சாக்குக் கிடைத்தால் போதும், பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள்.

"எழுத்து கரெக்டாத்தானே ஓடுது மாமா? பழைய கம்ப்யூட்டர், மூஞ்சியைக் காட்டத்தான் திணறுது. மூஞ்சியை எடுத்துட்டுப் பின்னாடி ஒரு அருவியைப் போட்டுடலாம்."

"அருவிக்கு வாய் இருக்கா மாப்ள?"

இந்த வயசில் இப்படியொரு மோகமா என்று மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனார் விடுவதாக இல்லை. திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டே காட்டினார்.

"இங்க பாருங்க, 'அம்மா'ன்னு எழுத்து வருது. 'ம்'முக்கு உதடு மூடணுமா, இல்லையா? இங்க 'ஆ'ன்னு திறந்து கிடக்கு."

கதவை ஒட்டிய நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். தினமும் இந்தக் கச்சேரிக்கு மாட்டிக்கொண்ட ஒரே ரசிகை, பாவம்.

"அத்தை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

மாமியார் அவன் முகத்தையே பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க சொன்னா சரிதான் மாப்ள."

வேறு வழியில்லாமல் அவன் மடிக்கணினியைத் திறந்தான். கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. கேமரா அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் மென்பொருள் மூன்று தடவை நகலெடுத்து, டிவி அளவுக்கு இழுத்து, அப்புறம்தான் காட்டியது. அதற்குள் பின்னால் வந்த படங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

இழுக்கிற வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தள்ளினான். வரிசையை ஒழித்தான். கடைசியாக வந்த படத்தை மட்டும் காட்டு, பழசைத் தூக்கிப் போடு என்று எழுதினான். எழுதுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெளியே மனைவியின் குரல். "என்னங்க, உள்ள என்னதான் பண்றீங்க?"

"எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றார்மா!" என்று மாமனார் கத்தினார். பொய் சொல்லும்போது மனுஷருக்குக் குரல் நன்றாகவே எடுபட்டது.

"இப்பப் பாடுங்க மாமா."

மாமனார் மைக்கைப் பிடித்தார். பாட்டும் அவரே கட்டியதாம். மெட்டு சுமார், வரிகள் அதைவிட மோசம்.

"அம்மா, எப்படி இருக்கே... மாத்திரை போட்டியா... இங்கே ஒரே குளிரு... அப்பா எங்கே..."

இதெல்லாம் ஒரு பாட்டா என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளப் போனான். ஆனால் திரையில் 'ம்' வெளிச்சமானபோது உதடு மூடியது, 'மா' வந்தபோது திறந்தது. ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. அலுப்பையெல்லாம் மீறி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி பாடினார், மறுபடியும் அதே வரிகளை. மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

கதவு தடதடத்தது. "அம்மா! அவங்களுக்குத்தான் பைத்தியம், நீயாவது திறயேன்! அம்மா!"

தாழ்ப்பாள் மாமியாருக்குக் கை எட்டும் தூரம்தான். அவர் எழுந்திருக்கவில்லை. கதவு இன்னும் பலமாகத் தடதடத்தது, அவர் தலைகூடத் திரும்பவில்லை.

மாப்பிள்ளை குழப்பத்தோடு எழுந்தான். மாமனார் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போயி அவ வீடியோல பேசினா இவளுக்குப் புரியணும் மாப்ள. அவ ஃப்ளைட் ஏறுற வரைக்கும் சொல்லிடாதீங்க... உங்க அத்தைக்குக் காது கேட்டு ரெண்டு மாசமாச்சு."