கிரகணத்து உலக்கை

எடப்பாடியில் இருந்தபடி இணைய அறிவியல் குழுவொன்றைக் கட்டிக்காக்கும் ரஞ்சனிக்கு, 'வானவன்' என்ற புதியவர்மேல் ஐயம் மூண்டது.

"கிரகணத்தன்னிக்கு உலக்கை தானா நிக்குதே, ஏனுங்க?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி என்ற போர்வையில் மூடநம்பிக்கையைப் பரப்ப வந்த ஆள்!

"எந்நாளும் நிற்கும். இன்றே நிறுத்திப் படம் அனுப்புங்கள், தவறினால் குழுவிலிருந்து நீக்குவேன்" என்று எழுதினாள்.

சற்றைக்கெல்லாம் படம் வந்தது. தாம்பாளத்தில் உலக்கை நிமிர்ந்து நின்றது. "நிக்குதுங்க!"

அப்போதும் அவள் ஐயம் தீரவில்லை; நூல் கட்டியிருப்பாரோ? படத்தைப் பெரிதாக்கித் துருவினாள். நூல் இல்லை. பின்னால் கொடியில், காலையில் அவள் உலர்த்திய சேலை தொங்கியது.

கொல்லைக்கு ஓடினாள். உலக்கையருகே கைப்பேசியுடன் கணவன் மருதாசலம்.

"ஏனுங்க, நீங்களா?"

"ஊட்டுல கேட்டா எரிஞ்சு உளுகறே. குழுவுலதான புள்ளே, 'தயங்காமக் கேளுங்க'ன்னு எழுதி வெச்சிருக்கறே!"