ரைஸ்மில் சுவர்

எங்கள் ஊர்ப் பையன்கள் ரைஸ்மில் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைந்து பந்து போட்டுப் பழகியவர்கள். அங்கே ஒரு பந்தும் தப்பாது. மைதானத்தில் கடைசி ஓவர் என்றால் மட்டும் குறி தப்பும். அந்த ஓவரைப் போடவென்றே வருஷா வருஷம் வெளியூர்க்காரன் ஒருவனைக் கூட்டிவருவோம். இந்த ஃபைனலில் அவன் எதிர் டீமுக்குப் போய்விட்டான். கடைசிப் பந்து, அவர்களுக்கு இரண்டு ரன் வேண்டும்.

"ஸ்டம்புக்குப் பின்னால வெட்டவெளியா கெடக்குண்ணே, கை வர மாட்டுக்கு" என்றான் பந்தோடு நின்ற எங்கள் இசக்கிராஜா.

"சுவருதானல வேணும்?" என்ற கேப்டன் ஞானதிரவியம் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். ஆட்டம் பார்க்க வந்த எங்கள் ஊர் சனம் மொத்தமும் எழுந்துபோய், ஸ்டம்புக்கு நேர் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே தோளோடு தோள் ஒட்டி நின்றது. நடுவில் நின்ற டீ மாஸ்டர் தன் பனியனில் கரியால் மூன்று கோடு இழுத்துக்கொண்டார்.

இசக்கிராஜா சிரித்துக்கொண்டே ஓடிவந்து போட்டான். நடு ஸ்டம்ப் பறந்தது. சுவர் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டது.